நிற்கிற வண்டியில் கரண்டைத் தின்பது யார்?

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தேதி, கிலோமீட்டர், வோல்ட் என்று எல்லாவற்றையும் பேரேடு எழுதுவதுபோலக் குறித்திருக்கிறார். அவர் பெயர், வண்டியின் பெயர், கடைகளின் பெயர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

2017-இல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார். கம்பெனியில் வந்த பேட்டரி ஐந்தரை வருடம் உழைத்தது. அடுத்துப் போட்டது பதினாலே மாதம். இப்போது இருப்பது மூன்றாவது. எட்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் தகராறு. வண்டியை வாரத்துக்கு இரண்டு தடவை, சந்தைக்கும் கோயிலுக்குமாக ஆறேழு கிலோமீட்டர் எடுப்பார். நாலு நாள் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பும்போது "டக் டக் டக்" என்ற சத்தம்தான். பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டுத் தள்ளித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

முதல் மெக்கானிக் வண்டியை ஓடவிட்டு, ஓடும்போதே பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றிக் காட்டியிருக்கிறார். வண்டி நிற்கவில்லை. "டைனமோ நல்லா இருக்கு, பேட்டரிதான் டூப்ளிகேட்" என்பது அவர் தீர்ப்பு. இரண்டாமவர், ஆல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது, பட்டறைப் பேச்சில் டைனமோ) போய்விட்டது, புதிதாகப் போட 16,000 ஆகும் என்கிறார். பேட்டரி விற்ற கடைக்காரர், வெளியில் ஸ்டீரியோ செட் மாட்டியிருப்பதால் வாரண்டி செல்லாது என்று கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாசகர் தானே ஒரு மல்ட்டிமீட்டர் வாங்கிப் பார்த்ததில் வண்டி ஓடும்போது 14.1 வோல்ட், சாயங்காலம் நிறுத்தியதும் 12.5, நாலாம் நாள் காலையில் 12.0. அலுத்துப்போய் ஒரு மாதமாக வண்டியை நிறுத்தியதும் மைனஸைக் கழற்றி வைத்துவிடுகிறார். டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிவதில்லை, பேட்டரியின் மேலுள்ள கண் பச்சையாகவே இருக்கிறது, பிறகு ஏன் இப்படி என்பது அவர் குழப்பம். கேள்விகள் நாலு: ஆல்டர்னேட்டரை மாற்றலாமா? பெரிய பேட்டரி போட்டால் சரியாகுமா? தினமும் கழற்றி மாட்டுவது வண்டிக்குக் கெடுதலா? வாரண்டியை எப்படி வாங்குவது?

ஐயா, நீங்கள் தேடும் விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: மைனஸைக் கழற்றி வைத்தால் ஒரு வாரம் கழித்தும் ஒரே சாவியில் எடுக்கிறது என்று. 31 வருடமாக வண்டி ஒயரிங் பார்க்கிறேன். மீட்டர் இல்லாமல் செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிட நல்லது கிடையாது. சோதனையைச் செய்து முடித்துவிட்டீர்கள். விடையைத்தான் படிக்காமல் விட்டுவிட்டீர்கள்.

கணக்கு எழுதியவர் என்பதால் உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் போடுவது வரவு. நிற்கும்போதும் ஏதாவது ஒன்று எடுத்துக்கொண்டே இருப்பது செலவு. போட்டதைப் பேட்டரி தாங்கி வைத்திருப்பது இருப்பு. இந்த மூன்றில் எது இடித்தாலும் காலையில் கேட்கும் சத்தம் ஒரே "டக் டக்" தான். அதனால்தான் ஒருவர் பேட்டரி என்கிறார், இன்னொருவர் டைனமோ என்கிறார். கழற்றி வைத்த பேட்டரி ஒரு வாரம் சார்ஜைத் தாங்குகிறது என்றால் இருப்பு இப்போதைக்குப் பரவாயில்லை. அந்த ஒரு வாரத்துக்கான சார்ஜ் அதற்கு முன் ஓடிய ஓட்டத்தில்தானே ஏறியது? ஆக வரவும் இருக்கிறது. மிச்சம் இருப்பது செலவு. வண்டி சும்மா நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்டைத் தின்கிறது.

விளக்கு, பச்சைக் கண் இரண்டையும் பற்றி ஒரு வார்த்தை. டாஷ்போர்டில் உள்ள பேட்டரி படம் பேட்டரியின் உடல்நிலையைச் சொல்வதில்லை. ஓடும்போது சார்ஜ் ஏறவில்லை என்றால்தான் எரியும். நிற்கும்போது நடக்கும் திருட்டு அதற்குத் தெரியாது. பச்சைக் கண் இருப்பது ஆறு செல்லில் ஒன்றில் மட்டும். மற்ற ஐந்தும் எப்படி இருக்கின்றன என்று அது பார்த்ததே இல்லை.

எவ்வளவு போகிறது?

உங்கள் எண்களை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். ஓடி வந்து நிறுத்தியதும் காட்டும் வோல்ட்டை அப்படியே நம்பக் கூடாது, உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்துவிட்டு, சற்று நேரம் விட்டு அளந்தால் சரியான எண் வரும். நன்றாக ஓய்ந்த பேட்டரியில் 12.6-க்கு மேல் இருந்தால் முழுசு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால். அப்படிப் பார்த்தால் உங்கள் 12.5 நிஜத்தில் 12.4 ஆக இருந்திருக்கும். முக்காலில் இருந்தது நாலாம் நாள் காலையில் காலுக்கு வந்திருக்கிறது. உங்களுடையது 35 ஏ.எச். பேட்டரி (ஏ.எச். என்பது ஆம்பியரை மணியால் பெருக்கிய கணக்கு), அதில் பாதி 17.5. மூன்றரை நாளுக்கு 84 மணி நேரம். வகுத்துப் பாருங்கள்: 0.2 ஆம்பியர், அதாவது 200 மில்லி ஆம்பியர்.

கடிகாரம், சென்ட்ரல் லாக், கம்ப்யூட்டரின் ஞாபகம் இதற்கெல்லாம் எந்த வண்டியும் கொஞ்சம் எடுக்கத்தான் செய்யும். 20-லிருந்து 50 மில்லி ஆம்பியர் வரை நியாயம். 30 என்று வைத்தால் அதே 17.5 இறங்க 24 நாள் ஆகும். உங்கள் வண்டி அதைப்போல ஆறேழு மடங்கு எடுக்கிறது. பேட்டரி சோர்ந்துபோய் அதன் கொள்ளளவே பாதியாகியிருந்தாலும் 100 வருகிறது, அதுவும் அதிகம்தான்.

டிக்கி மூடிய பிறகும் உள்ளே பல்பு எரிகிறதோ என்று சந்தேகப்பட்டு எழுதியிருந்தீர்கள். நல்ல சந்தேகம், நிறைய வண்டிகளில் அதுதான் காரணம். ஆனால் உங்கள் கணக்கில் இடிக்கிறது. 5 வாட் பல்பு 0.4 ஆம்பியர் இழுக்கும். இரண்டே நாளில் உங்கள் பேட்டரியைப் படுக்கவைத்திருக்கும். நீங்கள் நாலு நாள் தாக்குப்பிடிக்கிறீர்கள். இதைவிடப் பாதி தின்னும் ஆளைத் தேட வேண்டும்.

இப்போது உங்கள் கடிதத்தின் இன்னொரு வரி. இரண்டாவது பேட்டரி போட்ட இரண்டு மாதத்தில் பொங்கலுக்கு வந்த மகன் ஆண்ட்ராய்டு செட்டும், ராத்திரியிலும் படம் பிடிக்கும் டாஷ்கேமும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் ஐந்தரை வருடம் உழைத்தது பேட்டரி. அதற்குப் பிறகு பதினாலு மாதம், அப்புறம் எட்டு மாதம். ராத்திரியிலும் விழித்திருக்கும் டாஷ்கேம் பெரும்பாலும் 2, 3 வாட் எடுக்கும். 12 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட அதே 0.2 ஆம்பியர்.

எண் ஒத்துப்போகிறது என்பதற்காகக் கேமராதான் குற்றவாளி என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். செட்டும் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. செட்டுக்குப் பின்னால் மஞ்சள் ஒயர் ஒன்று உண்டு, அது ஞாபகத்துக்காக எப்போதும் உயிரோடு இருக்க வேண்டியது. சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும் உயிர் வர வேண்டியது. அவசர வேலை பார்க்கிறவர்கள் சில சமயம் இரண்டையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். பாட்டுப் பாடும், எல்லாம் வேலை செய்யும். சாவியை எடுத்த பிறகும் செட் தூங்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓடும் வண்டியில் டெர்மினலைக் கழற்றுவது

உங்கள் முதல் மெக்கானிக்கின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் இதைச் செய்திருக்கிறேன். பழைய அம்பாசிடரில் நிஜமாகவே டைனமோதான் இருந்தது. வண்டிக்குள் கம்ப்யூட்டர் என்று ஒன்றும் கிடையாது. அந்தக் காலத்துப் பெயர் இன்னும் பட்டறைகளில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோலவே அந்தக் காலத்துச் சோதனையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது இருப்பது ஆல்டர்னேட்டர். ஓடும்போது பேட்டரியைப் பிரித்தால், அதுவரை பேட்டரிக்குள் போய்க்கொண்டிருந்த கரண்டுக்குப் போக இடமில்லாமல் வோல்ட் ஒரு கணம் எங்கேயோ எகிறும். ஆல்டர்னேட்டருக்குள் கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடும் என்ஜின் கம்ப்யூட்டரும் அந்த ஒரு கணத்தில் போய்விடலாம். உங்கள் வண்டி தப்பித்தது அதிர்ஷ்டம். இனிமேல் யார் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சோதனையின் முடிவுக்கும் மதிப்பு இல்லை. பாதி செத்த ஆல்டர்னேட்டர்கூட ஹெட்லைட், ஏ.சி. எதுவும் போடாத என்ஜினை ஓட்டிக்கொண்டிருக்கும்.

ஆல்டர்னேட்டரை எப்படிச் சந்தேகப்படுவது

வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்திப் பிடித்து, பேட்டரி டெர்மினலில் மீட்டரை வையுங்கள். 13.8-லிருந்து 14.7 வரை எங்கே நின்றாலும் சரி. அப்புறம் ஹெட்லைட், ஏ.சி. ஃபேன் எல்லாவற்றையும் முழுசாகப் போடுங்கள். 13.5-க்குக் கீழே இறங்காவிட்டால் வரவில் குறை இல்லை. 15-ஐத் தாண்டினால் கட்-அவுட், அதாவது ரெகுலேட்டர், கெட்டிருக்கிறது; அது பேட்டரியை வேகவைத்துக் கொன்றுவிடும். உங்கள் 14.1 நல்ல எண். கடைசியாக வந்திருக்கும் சில வண்டிகளில் கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டரைக் கூட்டிக் குறைக்கும். அதில் 12.8 பார்த்துவிட்டு ஆல்டர்னேட்டர் போச்சு என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அந்த மாதிரி வண்டி வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தில் இரண்டாம் மெக்கானிக் தற்செயலாகச் சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு ஒழுகினால், ஓடும்போது சார்ஜும் ஏறும், நிற்கும்போது அதே வழியாகக் கரண்டு திரும்பியும் போகும். வரவும் அங்கே, திருட்டும் அங்கே. கண்டுபிடிப்பது சுலபம். வண்டி ஓடும்போது மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு (குளிர்சாதன ஏ.சி. இல்லை, வீட்டுக் கரண்டுபோல மாறி மாறி ஓடும் மின்சாரம்) திருப்பி பேட்டரியில் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடில் சந்தேகம். அப்படியே இருந்தாலும் முழு ஆல்டர்னேட்டரையும் மாற்ற 16,000 தர வேண்டியதில்லை. டயோடு பிளேட், ரெகுலேட்டர், கார்பன் பிரஷ் எல்லாம் தனித்தனியாக மாற்றக் கூடியவை. ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார் மட்டுமே பிரித்துப் பார்க்கும் பட்டறைகள் திருச்சியில் நிறைய உண்டு. அங்கே கொடுத்துப் பெஞ்சில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

ராத்திரியில் செய்யும் சோதனை

கரண்டைத் தின்கிறவனைக் கையும் களவுமாகப் பிடிக்க உங்கள் மீட்டரே போதும். கொஞ்சம் பொறுமை வேண்டும், ஒரு சேர் போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். டி.சி. ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் எதையும் கழற்றாமல் ஒயரைச் சுற்றி மாட்டிப் பார்த்துவிடலாம். மலிவான கிளாம்ப் மீட்டர்களில் பல ஏ.சி. மட்டும்தான் அளக்கும், வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மீட்டரில் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றுங்கள். இதை மறந்தால் முதல் நொடியிலேயே மீட்டரின் பியூஸ் போய்விடும். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, அதன் பூட்டை ஒரு ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடியதுபோல் ஆக்குங்கள், இல்லாவிட்டால் பானெட் திறந்திருக்கிறது என்று சில வண்டிகள் தூங்காது. கதவுகளை மூடிப் பூட்டி, சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். பேட்டரியின் மைனஸைக் கழற்றி, பேட்டரி முனைக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவில் மீட்டரை மாட்டுங்கள். மாட்டியிருக்கும்போது கதவைத் திறப்பதோ சாவி போடுவதோ கூடவே கூடாது.

மாட்டியதும் 2, 3 ஆம்பியர் காட்டும். பதறாதீர்கள். மைனஸ் போய் வந்ததில் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டிகள் எல்லாம் விழித்துக்கொண்டிருக்கின்றன. சில நிமிடத்தில் 0.8, அப்புறம் 0.4 என்று படிப்படியாக இறங்கும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விடுங்கள். நம் ஆட்களில் பலர் செய்யும் தப்பு, முதல் ஐந்து நிமிடத்து எண்ணைப் பார்த்துவிட்டு ஒயரிங்கில் ஷார்ட் என்று சொல்வது. கடைசியில் 0.03-இல் போய் நின்றால் வண்டியில் குறை இல்லை. 0.2-இலேயே நின்றால், அதுதான் உங்கள் ஆள்.

அடுத்து அவன் எந்த வழியில் போகிறான் என்று பார்க்க வேண்டும். பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது பழைய முறை. பிடுங்கி மாட்டும்போது தூங்கிய பெட்டி மறுபடி விழித்துக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். அதனால் பியூஸைப் பிடுங்காமலே பார்க்கும் வழி ஒன்று சொல்கிறேன். பியூஸின் தலையில் ஊசி முனை அளவுக்கு இரண்டு உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரை ஆம்பியரிலிருந்து எடுத்து, மைனஸை மறுபடி மாட்டி, வண்டியைத் தூங்கவிட்டு, மில்லி வோல்ட்டில் வைத்து அந்த இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். கரண்டு போகாத பியூஸில் சுத்தமாக 0.0. போகிற பியூஸில் ஓரிரண்டு மில்லி வோல்ட் காட்டும். கைக்கு அடக்கமான எண் இல்லைதான், ஆனால் பொய் சொல்லாது. உள்ளே இருக்கும் பியூஸ் பெட்டியைப் பார்க்க வேண்டுமானால் அந்தக் கதவைத் திறந்து வைத்து, கதவின் பூட்டையும் ஸ்க்ரூடிரைவரால் மூடியதாக்கிவிட்டு, அப்புறம் தூங்கவிடுங்கள்.

எந்தப் பியூஸிலும் ஒன்றும் காட்டாமல் 0.2 மட்டும் நின்றால் இரண்டு வாய்ப்பு. ஒன்று அந்த டயோடு. ஆல்டர்னேட்டருக்குப் போகும் தடித்த ஒயர் பெரும்பாலும் இந்தச் சின்னப் பியூஸ்கள் வழியாகப் போவதில்லை. இன்னொன்று, யாரோ பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்திருக்கிறார்கள். இரண்டாவது இருந்தால் பேட்டரி இறங்குவதைவிடப் பெரிய கவலை அது. பியூஸ் இல்லாமல் இழுத்த ஒயர் எங்காவது உரசித் தோல் போனால் வண்டி தீப்பிடிக்கும். பிளஸ் டெர்மினலில் கம்பெனி ஒயர்களைத் தவிர வேறு மெல்லிய ஒயர் ஏதாவது தொங்குகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இதற்கு மீட்டரும் வேண்டாம், ராத்திரியும் வேண்டாம்.

இந்தச் சோதனை சில சமயம் வேடிக்கையும் காட்டும். ஒரு டாக்டர் வீட்டு வண்டி, பட்டன் அமுக்கி ஸ்டார்ட் பண்ணும் ரகம், சாவி பக்கத்தில் இருந்தாலே உணர்ந்துகொள்ளும். மூன்று பேட்டரி, ஒரு ஆல்டர்னேட்டர் மாற்றிய பிறகு என்னிடம் வந்தது. பட்டறையில் ராத்திரி முழுக்க மீட்டர் 0.02-ஐத் தாண்டவில்லை. நல்ல வண்டி என்று அனுப்பினேன், ஐந்தாம் நாள் திரும்பி வந்தது. அப்புறம் அவர் வீட்டுக்கே போய் போர்டிகோவில் உட்கார்ந்து பார்த்தேன். இறங்கும், சில நிமிடத்தில் 0.6-க்குக் குதிக்கும், மறுபடி இறங்கும். சாவி மாட்டும் ஆணி போர்டிகோ சுவருக்கு உள்பக்கம், வண்டியிலிருந்து நாலடி. சுவருக்கு அந்தப் பக்கம் தொங்கும் சாவியைப் பார்த்துப் பார்த்து வண்டி விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஆணியைச் சமையலறைப் பக்கம் அடிக்கச் சொன்னேன். அதற்கு என்ன கூலி கேட்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

பெரிய பேட்டரி, பத்து நிமிட ஐடிலிங், தினசரி கழற்றல்

35-க்குப் பதில் 45 ஏ.எச். போட்டால் நாலு நாளில் படுப்பது ஐந்து நாளில் படுக்கும். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. தட்டில் உட்காருமா, பிளஸ் முனை அதே பக்கம் வருமா, மேல் கிளாம்பு பிடிக்குமா என்ற தலைவலி தனி. வேண்டாம்.

இடையில் கொஞ்ச நாள் தினமும் காலையில் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஸ்டார்ட் பண்ண ஆகும் கரண்டு பலர் நினைப்பதுபோல் அதிகமில்லை. 150 ஆம்பியர் இரண்டு நொடி என்று வைத்தாலும் 0.1 ஏ.எச். கூட ஆகாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நின்ற இடத்தில் ஓடும்போது ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றுகிறது, பேட்டரியும் கடைசிக் கால்வாசியை நிதானமாகத்தான் வாங்கும். பத்து நிமிடத்தில் பெட்ரோல்தான் கரையும். வாரத்துக்கு ஒரு தடவை திருமயம் வரை போய் வாருங்கள், நாற்பது கிலோமீட்டர் ஆகும், கோட்டையையும் பார்த்ததாக இருக்கும்.

மைனஸைக் கழற்றி வைப்பது தற்காலிகத்துக்குத் தப்பில்லை. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். சாவியை எடுத்து ஐந்து நிமிடம் கழித்துக் கழற்றுங்கள். சாவியை உள்ளே வைத்துவிட்டு மட்டும் செய்யாதீர்கள். ஆனால் ஈய முனை மெத்தென்றது. தினமும் திருகித் திருகி மாட்டினால் கிளாம்பு தேய்ந்து தளரும், தளர்ந்த கிளாம்பு தனியாக ஒரு வியாதி. கடிகாரமும் ஜன்னல் ஆட்டோவும் ஒவ்வொரு தடவையும் மறந்துபோகும்.

வாரண்டி

இங்கே உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்குத்தான். வண்டியில் உள்ள கசிவால் திரும்பத் திரும்ப அடிமட்டத்துக்கு இறங்கிக் கெட்டுப்போன பேட்டரிக்குப் பெரும்பாலான கார்டுகளில் இடம் இல்லை. பாதி சார்ஜுக்குக் கீழே நாள் கணக்கில் கிடக்கும் ஈயத் தட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுசாகக் கரையாது. உங்கள் இரண்டாவது பேட்டரி செத்தது இப்படித்தான் என்று நினைக்கிறேன். டூப்ளிகேட் என்ற சொல்லை அந்தக் கடைக்காரர் மேல் வீசாமல் இருந்தது நல்லது.

அதற்காக அவர் செய்ததும் சரியில்லை. செட் மாட்டியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சோதிக்காமலே கார்டைத் திருப்பித் தரக் கூடாது. பேட்டரியை வாங்கி, முழுசாகச் சார்ஜ் பண்ணி, லோடு டெஸ்ட் (பெரிய சுமை கொடுத்துப் பார்க்கும் சோதனை) போட்டு, முடிவை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் பேட்டரி கம்பெனியின் சேவைப் பிரிவுக்கு பில், கார்டு நகலோடு எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. நான் வக்கீல் இல்லை. ஆனால் ஒன்று தெரியும்: வண்டியில் 200 மில்லி ஆம்பியர் கசிந்துகொண்டிருக்கும்போது வழக்குக்குப் போனால் எதிர்த்தரப்பு கொண்டுவரும் முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும். கசிவை அடைத்த பிறகு கேளுங்கள்.

முதலில் எதைச் செய்வது

16,000 ரூபாய் வேலைக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திருப்பி வாங்கிவிடுங்கள். ஒரு நல்ல சார்ஜரில் பேட்டரியை ராத்திரி முழுக்கப் போட்டு நிறைத்துவிட்டு, டாஷ்கேமின் பவர் ஒயரை மட்டும் பிடுங்கி, மைனஸை மாட்டியபடியே நாலு நாள் விடுங்கள். நாலாம் நாள் 12.4-க்கு மேல் நின்றால் கேமராதான். அதைத் தூக்கிப் போட வேண்டாம். சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் பியூஸுக்கு ஒயரை மாற்றினால் போதும், அரை மணி வேலை. ராத்திரிப் படம் கட்டாயம் வேண்டுமென்றால் பேட்டரி 12.4-க்கு இறங்கியதும் தானாக அறுத்துவிடும் பெட்டி வைத்து மாட்டச் சொல்லுங்கள். கேமராவைப் பிடுங்கியும் இறங்கினால் அடுத்த நாலு நாள் செட்டின் பியூஸ். அதற்கும் மசியவில்லை என்றால்தான் சேர் போட்டு உட்கார்ந்து மீட்டர் வைக்கும் ராத்திரிச் சோதனை.

கசிவு நின்ற பிறகு பேட்டரிக்கு ஒரு பரீட்சை வையுங்கள். ஒருவர் சாவி திருப்ப, நீங்கள் மீட்டரைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழாவிட்டால் இந்தப் பேட்டரிக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. விழுந்தால் புதிது வாங்க வேண்டியதுதான், பழையதைக் கடையிலேயே கொடுத்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மறுபடி எழுதும்போது மூன்று எண் போதும்: நாலாம் நாள் காலை வோல்ட், வண்டி ஓடும்போது ஏ.சி. வோல்ட், செல்ஃப் சுற்றும்போது வோல்ட். மகனிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், முதல் எண் வரட்டும்.